நடுங்கும் கித்தார்: டிசம்பர் நாட்குறிப்பு

3 டிசம்பர் 2023, ஞாயிறு

எங்கள் கோயில் பாடகர் குழுவின் கிறிஸ்துமஸ் கேரல் பவனிக்கான இரண்டாம் பயிற்சிக்கு இன்று பதினான்கு பேர் வந்திருக்க வேண்டும். ஆறு பேர்தான் வந்திருந்தோம். ஆண்களின் மேல்குரலான டெனர் பாடும் இருவருமே வராததால், நான்கு குரலில் அமைந்த பாட்டை மூன்று குரலில் பாடிப் பார்த்துவிட்டு, தேநீர் குடித்துக் கலைந்தோம். பாளையங்கோட்டைத் தெருக்களில் எரிச்சலோடு நடந்து வரும்போது, எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் சிக்காகோ நகரில் இதே எரிச்சலோடு வீடு திரும்பிய ஒருவரின் நினைவு வந்தது.

அவர் பெயர் ரோபக் ஸ்டேபிள்ஸ். பிற்காலத்தில் உலகம் அவரை 'பாப்ஸ்' என்றே அழைத்தது. 'ட்ரம்பெட் ஜூபிலீஸ்' என்ற ஆண்கள் குழுவில் அவர் நற்செய்திப் பாடல்கள் பாடிக்கொண்டிருந்தார். பகலெல்லாம் உடலை முறிக்கும் வேலையைச் செய்துவிட்டு இவர் பயிற்சிக்குப் போனால், மற்றவர்களில் பாதிப் பேர் வந்திருக்க மாட்டார்கள். ஒருநாள் பொறுமை இழந்து வீட்டுக்கு வந்தவர், கூடத்துத் தரையில் தம் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, கித்தாரின் ஒவ்வொரு தந்தியாகத் தட்டி, இது உன் சுரம், இது உன் சுரம் என்று பங்கிட்டுக் கொடுத்தார். மிசிசிப்பியில் தாமும் தம் உடன்பிறந்தவர்களும் பாடிய குரல் வரிசையையே அவர்களுக்குக் கற்பித்தார். மூத்த மகள் க்ளியோதா, மகன் பெர்விஸ், அடுத்த மகள் இவோன், எட்டு ஒன்பது வயதுச் சிறுமி மேவிஸ். வருகைப் பதிவேடு தேவைப்படாத 'ஸ்டேபிள் சிங்கர்ஸ்' குழு 1948இல் இப்படித்தான் உருவாயிற்று.

முதன்முதலில் ஒரு சபையில் பாடியபோது கேட்டவர்கள் மீண்டும் பாடச் சொன்னார்களாம். ஆனால் குழந்தைகளுக்குச் சரியாகப் பாடமாகியிருந்தது ஒரே பாட்டுத்தான். ஆகவே 'வில் தி சர்க்கிள் பி அன்ப்ரோக்கன்' என்ற அந்தப் பாட்டையே மூன்று முறை பாடி முடித்தார்கள் என்று மேவிஸ் பல பேட்டிகளில் சிரிப்போடு சொல்லியிருக்கிறார்.

இவர்களுடைய இசைத்தட்டுகளை முதலிலிருந்து வரிசையாகக் கேட்டு, கேட்பதை இங்கே எழுதிவைப்பது என்று முடிவு செய்திருக்கிறேன்.

5 டிசம்பர், செவ்வாய்

பாட்டுக்குப் போகும் முன் பருத்திக் காட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. ரோபக் 1914 டிசம்பர் 28 அன்று மிசிசிப்பி மாநிலத்தின் வினோனா என்ற ஊருக்கு அருகில், பதினான்கு பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார். வளர்ந்தது டாக்கரி தோட்டத்தில். அங்கே கறுப்பினக் குடும்பங்கள் விளைச்சலில் பங்கு தரும் வாரமுறையில் பயிரிட்டன. விதையும் சாப்பாட்டுச் சாமானும் முன்கடனாக வரும், அறுவடைக்குப் பின் கணக்குப் பார்த்தால் பெரும்பாலும் கடனே மிஞ்சும். வாரக் குத்தகையின் கதை தெரிந்த நமக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

அதே தோட்டம், கறுப்பின மக்களின் துயரப் பாட்டான ப்ளூஸ் இசையின் தொட்டில்களில் ஒன்றாகவும் இருந்தது. சார்லி பாட்டன் அங்கேதான் வாசித்தார். இளைஞரான ரோபக் அவர் கைவிரல்களைப் பார்த்துப் பார்த்துக் கித்தார் கற்றார். சனிக்கிழமை இரவுகளில் ப்ளூஸ், ஞாயிறு காலையில் ஆராதனை என்று இரண்டுக்கும் இடையில் அவருடைய இளமை கழிந்தது. சபையின் பெரியவர்களுக்கு ப்ளூஸ் பிசாசின் இசை. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வருபவை பிடிபடும்.

1936 வாக்கில் மனைவி ஓசியோலாவுடனும் கைக்குழந்தைகளுடனும் அவர் சிக்காகோ சேர்ந்தார். 1910க்கும் 1970க்கும் இடையில் தெற்கு மாநிலங்களை விட்டு வடக்கிற்கும் மேற்கிற்கும் பெயர்ந்த ஏறத்தாழ 60 லட்சம் கறுப்பின மக்களில் இந்தக் குடும்பமும் ஒன்று. இறைச்சிக் கூடத்தில் வேலை, எஃகு ஆலையில் வேலை, கட்டட வேலை எனக் கிடைத்ததையெல்லாம் செய்தார். பல ஆண்டுகள் கித்தாரைத் தொடவே இல்லை.

8 டிசம்பர், வெள்ளி

இன்று மாலை முழுவதும் ஒரே பாட்டு. வீ-ஜே இசைத்தட்டு நிறுவனம் 1956இல் வெளியிட்ட 'அன்க்ளவுடி டே'. அதற்கு முன்பே யுனைடெட் என்ற சிறு நிறுவனத்துக்காக அவர்கள் பாடியிருந்தாலும், நாடறிந்த முதல் பாட்டு இதுதான்.

தொடக்கத்தில் ஒரு கித்தார் மட்டும் கேட்கிறது. அதன் ஒலி நீர்ப்பரப்பின் மேல் விழுந்த விளக்கொளிபோல நடுங்குகிறது. ஒலிபெருக்கியில் உள்ள ட்ரெமோலோ என்ற அமைப்பினால் வரும் நடுக்கம் அது. நம் காதுக்கு இது முதலில் கமகம்போலத் தோன்றும்; ஆனால் கமகத்தில் அசைவது சுருதி, ட்ரெமோலோவில் சுருதி அப்படியே நிற்க ஒலியின் அளவு மட்டும் சீராக ஏறி ஏறி இறங்குகிறது. அந்த நடுக்கத்தின் மேல் மெதுவான ப்ளூஸ் சொற்றொடர் ஒன்றைப் பாப்ஸ் வாசிக்கிறார். சார்லி பாட்டனைப் பார்த்துக் கற்ற கை, இருபது ஆண்டுகளுக்குப் பின் ஒரு பழைய ஞானப்பாட்டுக்கு முன்னுரை சொல்கிறது. வாத்தியமே இல்லாமல் பாடிய குழுக்கள் நிறைந்த காலத்தில், நற்செய்திப் பாடலுக்குள் இப்படி ஒரு கித்தார் வந்தது எத்தனை துணிச்சல் என்பதை இன்றைக்கு உணர்வது கடினம்.

பிறகு குரல்கள் அவசரமே இல்லாமல் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்துகொள்கின்றன. க்ளியோதாவின் மேல்குரல் கம்பியைப்போல் மெலிந்து நீள்கிறது. அதற்குப் பின் அடித்தொண்டையிலிருந்து ஒரு கனத்த குரல் எழுந்து பாட்டைத் தன் கையில் எடுத்துக்கொள்கிறது. அது மேவிஸ், பள்ளி மாணவி. வானொலியில் கேட்டவர்கள் பருமனான நடுவயது ஆண் ஒருவரை மனத்தில் வரைந்துகொண்டார்கள் என்றும், நேரில் பார்த்தபோது அந்தச் சிறுபெண்தான் பாடினாள் என்பதை நம்ப மறுத்தார்கள் என்றும் குடும்பத்தார் சொல்வதுண்டு. மினசோட்டாவில் சிறுவனாக இருந்த பாடகர் பாப் டிலன், நள்ளிரவு வானொலியில் இவர்களைக் கேட்டுத் தூக்கம் தொலைத்ததைப் பின்னாளில் சொல்லியிருக்கிறார். எங்கள் குழுவில் ஆல்ட்டோ என்ற கீழ்க்குரல் பாடும் பெண்கள் 'எங்கள் குரல் கட்டையாக இருக்கிறது' என்று பின்வரிசைக்கு ஒதுங்குவார்கள். அடுத்த பயிற்சியில் இந்தப் பாட்டை அவர்களுக்குப் போட்டுக்காட்ட வேண்டும்.

10 டிசம்பர், ஞாயிறு

சிறு குறிப்பு. குடும்பப் பெயர் ஸ்டேபிள்ஸ்; குழுவின் பெயரோ 'ஸ்டேபிள் சிங்கர்ஸ்'. நான் நெடுங்காலம் இரண்டையும் குழப்பிக்கொண்டிருந்தேன்.

1957இல் மேவிஸ் பள்ளிப் படிப்பை முடித்த பிறகுதான் குடும்பம் முழுநேரமாகச் சாலையில் இறங்கியது. அதுவரை வார இறுதிகளில் காரில் புறப்பட்டு, பாடிவிட்டு, திங்கட்கிழமை வேலைக்கும் பள்ளிக்கும் திரும்பிவிடுவார்கள். புகழ் கைக்கு எட்டிய பின்னும் பிள்ளையின் படிப்புக்காகக் காத்திருந்த தகப்பனை எனக்குப் பிடித்திருக்கிறது. பெர்விஸ் இராணுவத்துக்குப் போன காலத்தில் அவர் இடத்தில் இவோன் பாடினார். மேடையைவிடக் கணக்குவழக்கிலும் நிர்வாகத்திலும் அதிக விருப்பம் கொண்டவர் இவோன். ஆனால் ஆள் குறையும்போதெல்லாம் வந்து நின்றவரும் அவர்தான். ஒவ்வொரு பாடகர் குழுவிலும் இப்படி ஒருவர் இருக்கிறார். யாரும் அவருக்கு மாலை போடுவதில்லை.

12 டிசம்பர், செவ்வாய்

அலபாமாவின் மாண்ட்கமரி நகரில் ஒரு ஞாயிறு காலை, பாப்ஸ் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மார்ட்டின் லூதர் கிங்கின் பிரசங்கத்தைக் கேட்கப் போனார். விடுதிக்குத் திரும்பியதும் பிள்ளைகளைக் கூப்பிட்டு, இந்த மனிதர் சொல்லும் செய்தி எனக்குப் பிடித்திருக்கிறது, அவர் இதைப் பிரசங்கிக்க முடியுமானால் நாம் இதைப் பாடவும் முடியும் என்று சொன்னார். அன்றிலிருந்து அவர்களின் பாட்டு வேறு திசையில் நடக்கத் தொடங்கிற்று.

1957இல் அர்க்கன்சாவின் லிட்டில் ராக் நகரில் வெள்ளையர் மட்டுமே படித்துவந்த உயர்நிலைப் பள்ளிக்குள் நுழைய முயன்ற ஒன்பது கறுப்பின மாணவர்கள் தடுக்கப்பட்டதை மனத்தில் கொண்டு பாப்ஸ் எழுதியது 'ஒய் ஆம் ஐ ட்ரீட்டட் சோ பேட்'. கிங்குக்கு மிகப் பிடித்த பாட்டு இது. கூட்டங்களுக்கு முன் இதைப் பாடுவீர்கள்தானே என்று அவரே கேட்பாராம். கேள்வியாகவே அமைந்த பாட்டு. யாரையும் பெயர் சொல்லிக் குற்றம் சாட்டவில்லை. நம் கீர்த்தனைகளில் கடவுளிடம் முறையிடும் வகை ஒன்று உண்டே, அந்தத் தொனிதான். ஆனால் முறையீடு யார் காதில் விழ வேண்டுமென்று பாடியவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் தெரிந்திருந்தது.

1965 மார்ச் மாதம் செல்மாவிலிருந்து மாண்ட்கமரிவரை வாக்குரிமை கேட்டு நடந்தவர்கள் 54 மைல் நடந்தார்கள். அந்த நடையை வைத்துப் பாப்ஸ் எழுதிய 'ஃப்ரீடம் ஹைவே', சில வாரங்களுக்குள் ஏப்ரலில் சிக்காகோவின் தெற்குப் பகுதியிலுள்ள நியூ நாசரேத் சபையில் ஆராதனையின் நடுவே பாடிப் பதிவு செய்யப்பட்டது. (என் தாயின் ஊரும் நாசரேத்துதான், உறையில் அந்தப் பெயரைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றுவிட்டேன்.) 2015இல் வந்த விரிவான பதிப்பில், முன்பு வெட்டப்பட்ட பேச்சுகளும் பாடல்களும் மீண்டும் சேர்க்கப்பட்டுள்ளன. இருக்கைகளிலிருந்து எழும் கைத்தட்டல் பாட்டின் தாளத்தையே இழுத்துச் செல்வது அதில் தெளிவாகக் கேட்கிறது.

இதைப் பாடியவர்கள் பாதுகாப்பான இடத்தில் இருந்து பாடவில்லை. தெற்கில் நிகழ்ச்சி முடித்துத் திரும்பும் ஒரு இரவில், மெம்ஃபிஸ் நகரத்துப் பெட்ரோல் நிலையம் ஒன்றில் இரசீது கேட்ட மேவிஸை ஊழியர் இழிவாகப் பேச, கைகலப்பாகி, பின்னர் காவலர்கள் துப்பாக்கியும் நாய்களுமாகக் காரை மறித்துக் குடும்பத்தையே விலங்கிட்டார்கள். கச்சேரியில் கிடைத்த பணத்தைக் கொள்ளைப் பணம் என்றும் சந்தேகித்தார்கள். காவல் நிலையத்தில் இவர்கள் யாரென்று தெரிந்த பிறகே விட்டார்கள்.

14 டிசம்பர், வியாழன்

பயிற்சி முடிந்தபின், எங்கள் குழுவில் ஆண்களின் அடிக்குரலான பேஸ் பாடும் ஓய்வுபெற்ற ஆசிரியரிடம் நான் எழுதுவதைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அவர்கள் கோயிலை விட்டு வெளியே போய்ப் பாடியவர்கள்தானே, தம்பி?" என்றார். "அப்படித்தான் பலரும் சொல்கிறார்கள், சார்" என்று மட்டும் சொல்லி வந்துவிட்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

1968இல் அவர்கள் மெம்ஃபிஸ் நகரத்தின் ஸ்டாக்ஸ் இசைத்தட்டு நிறுவனத்தில் சேர்ந்தார்கள். முதலிரண்டு தொகுப்புகள் பெரிதாக எடுபடவில்லை. பிறகு நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பிலிருந்த ஆல் பெல் தாமே தயாரிப்பை ஏற்று, குடும்பத்தை அலபாமாவின் மசில் ஷோல்ஸ் நகரத்து வாத்தியக்காரர்களோடு சேர்த்தார். அவர்கள் வெள்ளைக்கார இளைஞர்கள். 1971இல் 'ரெஸ்பெக்ட் யுவர்செல்ஃப்', 1972இல் 'ஐல் டேக் யூ தேர்'. இரண்டாவது பாட்டு 1972 ஜூன் மாதம் அமெரிக்காவின் பொதுப் பாடல் பட்டியலில் முதலிடம் பிடித்தது. இதற்குள் பெர்விஸ் விலகிவிட்டார். இவோன் வழக்கம்போல் வந்து நின்றார்.

சபைகளில் முணுமுணுப்பு எழுந்தது. வானொலியில் ஆட்டப் பாட்டுகளோடு சேர்ந்து ஒலிப்பது எப்படி நற்செய்தி ஆகும் என்று கேட்டார்கள். 'ஐல் டேக் யூ தேர்' பிறந்த கதையைப் பாருங்கள்: சுட்டுக் கொல்லப்பட்ட தம்பியை அடக்கம் செய்துவிட்டு, தகப்பனார் வீட்டின் பின்புறம் நின்ற பழைய பேருந்து ஒன்றின் மேல் ஆல் பெல் அமர்ந்திருந்தபோது அந்த வரிகள் தாமாக வந்தன என்று அவர் சொல்லியிருக்கிறார். அழுகையில்லாத, பொய்ச் சிரிப்பில்லாத, இன வெறுப்பில்லாத ஓர் இடத்துக்குக் கூட்டிப் போகிறேன் என்பதுதான் பாட்டின் பொருள். அடக்க ஆராதனையில் போதகர் சொல்வதும் ஏறக்குறைய அதுதானே.

என் கருத்து இதைவிடக் கொஞ்சம் கடுமையானது. ப்ளூஸ் அதிகமாகக் கேட்பது 1972இன் பாட்டில் இல்லை; 1956இல் சபைகள் கண்ணீரோடு கேட்ட 'அன்க்ளவுடி டே'யில்தான். டாக்கரி தோட்டத்துக் கித்தார் முதல் நாளிலிருந்தே பாட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. முறையிட்டவர்கள் பதினாறு ஆண்டுகள் தாமதமாக முறையிட்டார்கள்.

ஆனால் எல்லைக்கோடு குடும்பத்துக்குள்ளும் இருந்தது என்பதை மறைக்கக் கூடாது. சிறுமியாக இருந்தபோது மிசிசிப்பியில் பாட்டி வீட்டில் தங்கியிருந்த மேவிஸ், பள்ளி நிகழ்ச்சியில் பக்திப் பாட்டல்லாத உலகப் பாட்டு ஒன்றைப் பாடிவிட்டு, பாட்டியிடம் வசமாக அடி வாங்கியிருக்கிறார். இந்த வீட்டில் நாங்கள் கோயில் பாட்டுத்தான் பாடுவோம் என்பது தனக்கு அன்றுதான் தெரிந்தது என்பார்.

ஒரு செய்தியை விட மனமில்லை. 'ஐல் டேக் யூ தேர்' நடுவில் கித்தார் தனித்து வரும் இடத்தில் மேவிஸ் "அப்பா" என்று அழைக்கிறார். கேட்கும் எவருக்கும் பாப்ஸ் வாசிக்கிறார் என்றே தோன்றும். உண்மையில் அதை வாசித்தவர் எடி ஹிண்டன் என்ற மசில் ஷோல்ஸ் இளைஞர். இதை அறிந்தபின் எத்தனையோ முறை கேட்டுவிட்டேன். ஒவ்வொரு முறையும் அந்தக் கை அப்பாவின் கையாகவே கேட்கிறது.

16 டிசம்பர், சனி

1971 மார்ச்சில் கானாவின் அக்ராவில் ஒரு பெருங்கச்சேரி. 1972 ஆகஸ்ட் 20 அன்று லாஸ் ஏஞ்சலஸ் கொலிசியம் அரங்கில், அந்நகரின் கறுப்பினப் பகுதியான வாட்ஸில் நடந்த கலவரத்தின் ஏழாம் ஆண்டு நினைவாக ஸ்டாக்ஸ் நடத்திய வாட்ஸ்டாக்ஸ் கச்சேரி. அதற்கு நுழைவுக் கட்டணம் ஒரு டாலர். வந்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். இரண்டும் படமாக்கப்பட்டிருப்பதால் விரிவாக எழுதவில்லை.

1975 இறுதியில் ஸ்டாக்ஸ் திவாலானது. அதே டிசம்பரில் கர்ட்டிஸ் மேஃபீல்டு ஒரு திரைப்படத்துக்காக எழுதிய 'லெட்ஸ் டூ இட் அகெய்ன்' இவர்களுக்கு இரண்டாம் முறையாக முதலிடம் பெற்றுத் தந்தது. இது முழுக்க முழுக்கக் காதல் பாட்டு; அதுவும் நாணமில்லாத காதல். தம் பகுதியைப் படித்துப் பார்த்த பாப்ஸ், நான் சபை மனிதன், இதைப் பாட மாட்டேன் என்று மறுத்தார். ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று மேஃபீல்டு சமாதானம் சொல்லிப் பாட வைத்தார்.

ஆசிரியர் இந்தப் பாட்டைச் சொல்லியிருந்தால் நான் வாயடைத்திருப்பேன். பாட்டில் குறையில்லை, குரல்கள் மணியாக இழைகின்றன. ஆயினும் பாப்ஸ் பாடும் வரிகளில் மட்டும், விருந்தில் தமக்குப் பழக்கமில்லாத பண்டத்தை மரியாதைக்காக வாயில் போட்டுக்கொண்டவரின் தயக்கம் கேட்கிறது. எனக்கு மட்டும்தான் அப்படிக் கேட்கிறதோ என்னவோ.

வெளியே மழை பிடித்துவிட்டது.

21 டிசம்பர், வியாழன்

ஐந்து நாட்களாக எதுவும் எழுதவில்லை. 17, 18 தேதிகளின் மழையும் தாமிரபரணியின் வெள்ளமும் எல்லாரும் அறிந்தவை. எங்கள் தெருவுக்கு நேற்று மாலைதான் மின்சாரம் வந்தது. கேரல் பவனி இந்த ஆண்டு இல்லை. அதற்குச் சேர்த்த பணம் அரிசியாகவும் போர்வையாகவும் போயிற்று.

19ஆம் தேதி பாப்ஸின் நினைவு நாள். அன்று எழுத எண்ணியிருந்ததை இன்று எழுதுகிறேன். எழுபதுகளுக்குப் பின் பட்டியல்களில் குழுவின் இடம் தேய்ந்தது. பாப்ஸோ எழுபது வயதைத் தாண்டிய பின் தனியாகப் பாடத் தொடங்கி, 1994இல் வந்த தொகுப்புக்காக கிராமி விருது பெற்றார். அது கிடைத்தது ப்ளூஸ் பிரிவில். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. டாக்கரி தோட்டத்தின் கணக்கு அறுபது ஆண்டுகள் கழித்துத் தீர்க்கப்பட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

1999இல் ராக் அண்ட் ரோல் புகழ்க்கூடத்தில் குடும்பம் சேர்க்கப்பட்டது. 2000 டிசம்பர் 19 அன்று, 86ஆம் பிறந்தநாளுக்கு ஒன்பது நாட்கள் முன்பு, வீட்டில் விழுந்து தலையில் பட்ட அடியின் விளைவாகப் பாப்ஸ் காலமானார்.

28 டிசம்பர், வியாழன்

இன்று பாப்ஸின் பிறந்தநாள்.

தந்தை போனபின் மேவிஸுக்குப் பாடவே தோன்றவில்லை. க்ளியோதாவுக்கு மறதி நோய்; தங்கைகள் கவனித்துக்கொண்டார்கள். நிறுவனங்கள் ஆர்வம் காட்டாததால், 2004இல் வெளியான தொகுப்புக்கு மேவிஸ் சொந்தப் பணத்தைப் போட்டே பதிவை முடித்தார். மேடையில் அவருக்குப் பின்னால் நின்று பாடியவர் இவோன்; வேறு யார்? 2011இல் மேவிஸுக்கு முதல் கிராமி கிடைத்தது. க்ளியோதா 2013இலும், இவோன் 2018இலும், பெர்விஸ் 2021இலும் மறைந்தார்கள். கூடத்துத் தரையில் வட்டமாக அமர்ந்தவர்களில் இன்று இருப்பவர் மேவிஸ் ஒருவர்தான். 84 வயதிலும் மேடை ஏறுகிறார்.

கடைசியாகக் கேட்க வைத்திருந்தது 2015இல் வந்த 'டோன்ட் லூஸ் திஸ்'. பாப்ஸ் தம் இறுதிக் காலத்தில் பாடி முடிக்காமல் விட்ட பதிவுகள் இவை. நோயுற்றிருந்தபோது இவற்றை மகளிடம் ஒப்படைத்து, இதைத் தொலைத்துவிடாதே என்றாராம். அதுவே தொகுப்பின் பெயர். ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகள் வைத்திருந்த மேவிஸ், சிக்காகோவின் இசைக்கலைஞர் ஜெஃப் ட்வீடியிடம் கொடுத்தார். ட்வீடி, பாப்ஸின் குரலும் கித்தாரும் மகள்களின் குரல்களும் முன்னே நிற்கும்படி மற்ற ஒலிகளைக் குறைத்து, தேவையான இடங்களில் தாமே பேஸ் கித்தார் வாசித்தார். மேளம் வாசித்தவர் அவருடைய பதின்வயது மகன் ஸ்பென்சர்.

காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அந்த மேளத்தை மட்டும் தனியாகப் பிரித்துக் கேட்க முயன்றேன். பையன் மிக மெதுவாக, கித்தாரின் நடுக்கத்தை மீறிவிடாதபடி வாசித்திருக்கிறான்.